அம்மா அணைத்துவைத்த கைப்பேசி

ஒலிவாங்கி இல்லாமல் உங்களோடு பேச எனக்கிருக்கும் ஒரே இடம் இதுதான்.

போன வாரம் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அந்தப் பழைய செய்தி மறுபடியும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை அண்டவெளிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து போகுமாம். கைப்பேசியை அணைத்து, உடம்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டுமாம். ஏதோ ஒரு தொலைக்காட்சி அறிவித்தது என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். எந்த நாளில் வந்தாலும் அது ‘இன்றிரவு’தான். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தச் செய்தி ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் பார்த்தவுடன் “பொய்” என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அன்று எனக்கு இரவு நிகழ்ச்சி. ஒரு மணிக்கு முடித்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கோலாலம்பூர் வானம் வழக்கம்போலத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அம்மா தைப்பிங்கில் தனியாக இருக்கிறார். இனிப்புநீர் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: தினமும் காலை எட்டு மணிக்குள் பூப்படம் போட்ட ‘காலை வணக்கம்’ ஒன்று அவரிடமிருந்து வந்துவிடும். அது வந்தால் அம்மா நலம். சனிக்கிழமை அது வரவில்லை. எட்டரைக்கு அழைத்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. ஒன்பதுக்கு அழைத்தேன், அதே குரல். ஒன்பதரைக்கு என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பத்தே காலுக்குப் பக்கத்து வீட்டு மக்சிக்கின் எண்ணைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

அம்மா பின்பக்கத்தில் புதினாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். கைப்பேசி துணியில் சுற்றப்பட்டு அலமாரிக்குள் இருந்தது. “கதிர் வருதுன்னு போட்டிருந்தாங்களே பாப்பா. ரேடியோவுல இருக்கற, உனக்குத் தெரியாதா?” என்று மக்சிக்கின் கைப்பேசியிலிருந்தே என்னைக் கேட்டார்.

எனக்குக் கோபம். “எல்லாம் சுத்தப் பொய்மா! இதை நம்பிக் கைப்பேசியை அணைப்பீங்களா?” என்று கத்திவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, அன்னையர் தினம். கேக் வாங்கிக்கொண்டு தைப்பிங் போனேன். நான் உள்ளே நுழையும்போது அம்மா கைப்பேசியை நீட்டினார். இங்கிலாந்தில் படிக்கும் என் மாமா மகள் அனுப்பிய படங்கள். மொட்டை மாடிக்கு மேல் வானம் முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையும்.

“பொய்னு சொன்னியே. அப்ப இது என்ன?”

என்னிடம் பதில் இல்லை. தினமும் நாலு மணி நேரம் மக்களிடம் பேசிச் சம்பாதிப்பவள் நான். அம்மாவிடம் சொன்ன ஒரு வரியைச் சரிபார்க்கவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் முதலில் வெட்கமாக இருந்தது. அம்மா கைப்பேசியை அணைத்துவைத்த அதே இரவில், மலேசிய நேரம் சுமார் 1.05 மணிக்கு, நான் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, இருபது ஆண்டுகளில் காணாத புவிகாந்தப் புயல் பூமியைத் தாக்கியிருந்தது. புலனச் செய்தி பொய். ஆனால் புயல் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி “எல்லாம் பொய்” என்று எறிந்தது நான்.

நடந்தது இதுதான்.

அந்த வாரம் சூரியனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. அதன் அகலம் பூமியைப் போல் சுமார் 15 மடங்கு. அங்கிருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பல வெடிப்புகள். ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான டன் மின்னூட்டத் துகள்களை, கூடவே அவற்றில் பிணைந்த காந்தப் புலத்தையும் பூமி இருக்கும் பக்கமாக வீசியது. பின்னால் கிளம்பியவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்தன. 15 கோடி கிலோமீட்டர் கடந்து, வினாடிக்கு 700 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இங்கே வந்து சேர்ந்தன.

வழியில் இருந்தது நம் காந்த மண்டலம். பூமியின் நடுவே உருகிய இரும்புக் குழம்பு ஓடுகிறது; அதிலிருந்து பிறக்கும் காந்தப் புலம் பூமியைச் சுற்றி ஒரு பெரிய கூடுபோல் நிற்கிறது. சூரியனைப் பார்த்த பக்கம் அதன் எல்லை சாதாரண நாளில் சுமார் 65,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். பின்பக்கம் அது வால்போல நீண்டு, நிலாவின் சுற்றுப்பாதையையும் தாண்டிப் போகும்.

பள்ளிக்கூடத்தில் இதைக் ‘கவசம்’ என்று படித்தோம். கவசம் என்றால் ஒன்று தாங்கும், இல்லை உடையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காந்த மண்டலம் அப்படி இல்லை. அது நசுங்கும், அடியை வாங்கித் தன்னுள் சேர்த்துவைக்கும், பிறகு வேறு பக்கமாக வெளியே தள்ளும்.

முதல் அடியில் முன்பக்க எல்லை உள்ளே தள்ளப்பட்டது. எவ்வளவு தூரம் தெரியுமா? நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்கும் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கும் உள்ளே. எப்போதும் கூட்டுக்குள் இருக்கும் கோள்கள் சில நேரம் வெளியே, சூரியக் காற்றில் நேரடியாக நின்றன.

வேகம் மட்டும் புயலை உண்டாக்குவதில்லை. வருகிற காந்தப் புலம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். முன்பக்கத்தில் பூமியின் புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. வருவதும் வடக்கு நோக்கியே இருந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டின் காந்தக் கோடுகளும் அறுந்து, ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். 1961-இல் ஜேம்ஸ் டங்கி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி முன்வைத்த கருத்து இது. அந்த மே மாதம் வந்த புலம் மணிக்கணக்கில் தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

இணைந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. வால் பகுதியில் ஆற்றல் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் தாங்காது. இழுத்துப் பிடித்த ரப்பர் விட்டுப்போவதுபோல் விட்டு, துகள்களைப் பூமியை நோக்கித் திருப்பி வீசும். வாசலில் தட்டியது புழக்கடை வழியாக உள்ளே வருகிறது. அப்படி வந்தவை துருவங்களின் பக்கம் இறங்கி, காற்றில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் மீது மோதும்போதுதான் அந்தப் பச்சையும் சிவப்பும். மாமா மகளின் மொட்டை மாடிப் படத்தில் இருந்தது அதுதான். அன்று அமெரிக்காவின் புளோரிடாவரை அது தெரிந்தது. லடாக்கின் ஹன்லே வான் ஆய்வகத்துக் கேமராவில்கூடச் சிவப்பு வெளிச்சம் பதிவானது.

நமக்கு ஏன் தெரியவில்லை? நாம் இருப்பது காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கே காந்தக் கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்கின்றன. துகள்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வழியில்லை. ஆனால் வானம் கறுப்பாக இருந்தது என்பதால் நம் தலைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உள்ளே வந்த துகள்களில் ஒரு பகுதி துருவத்துக்குப் போகாமல், பூமியை நடுக்கோட்டின் மேலே பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் வளையமாகச் சுற்ற ஆரம்பிக்கும். இதை வளைய மின்னோட்டம் என்பார்கள். இந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலம், தரையில் பூமியின் புலத்துக்கு எதிராக வேலை செய்யும். புயலின் பலத்தை அளப்பதே இதை வைத்துத்தான். ஜப்பான், ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் உள்ள நான்கு நிலையங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். மே 11 அன்று இறக்கம் 400 நானோடெஸ்லாவைத் தாண்டியது. நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. ஆக, இறங்கியது நூற்றில் ஒரு பங்கு.

அது உச்சத்தைத் தொட்டது மலேசிய நேரப்படி சனிக்கிழமை காலை பத்து, பதினொரு மணிவாக்கில். நான் மக்சிக்கின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரம்.

இப்படி அளந்து எழுதிவைப்பதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் ஒரு காந்த ஆய்வகம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த சார்லஸ் எலியட் என்ற அதிகாரி அங்கே காந்த ஊசியின் அசைவுகளைக் குறித்துவைத்தார். பம்பாயின் கொலாபா ஆய்வகத்திலும் இதே வேலை நடந்தது. 1859 செப்டம்பரில், ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு வெடிப்பை நேரில் பார்த்த மறுநாள், கொலாபா ஊசி சுமார் 1,600 நானோடெஸ்லா இறக்கத்தைக் காட்டியது. பதிவான புயல்களில் மிகப் பெரியதாகக் கருதப்படுவது அதுதான். பனி நாட்டில் இல்லை, வெயில் நாட்டில் கிடைத்த பதிவு அது.

நூற்றில் ஒரு பங்கு இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மனித உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கைப்பேசிக்கும் ஒன்றும் ஆகாது. தரையில் இருக்கிற நமக்கு மேலே கனத்த காற்றுப் போர்வை இருக்கிறது. கைப்பேசியோ பக்கத்துக் கோபுரத்தோடுதான் பேசுகிறது. அதை அலமாரிக்குள் வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஆபத்து நீளமான கம்பிகளுக்குத்தான். காந்தப் புலம் வேகமாக மாறும்போது தரையில் மின்சாரம் தூண்டப்படும். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின் கம்பிகளுக்குள் ஏறிவிடும். 1989 மார்ச் 13, கனடாவின் கியூபெக் மாநிலம். அதிகாலையில், சுமார் ஒன்றரை நிமிடத்தில் மொத்த மின்கட்டமைப்பும் விழுந்தது. 60 லட்சம் பேர் ஏறக்குறைய 9 மணி நேரம் குளிரில் இருந்தார்கள். அன்று அங்கே யாரும் கைப்பேசியை அணைத்துவைத்துத் தப்பித்திருக்க முடியாது.

அடுத்து, செயற்கைக்கோள்கள். புயல் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கும். சூடான காற்று உப்பி மேலே வரும். தாழப் பறக்கும் கோள்களை அது பிடித்து இழுக்கும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஏவிய 49 கோள்களில் 38 இப்படித்தான் விழுந்து எரிந்தன. அது சிறிய புயல்தான்.

பிறகு, ஜிபிஎஸ். அதன் சமிக்ஞை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது. அந்த மண்டலம் கலங்கினால் கணக்கு பிசகும். 2024 மே மாதம் அமெரிக்காவில் விதைப்புக் காலம். ஜிபிஎஸ் துல்லியத்தை நம்பி ஓடும் டிராக்டர்கள் பல பண்ணைகளில் நின்றன. நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கோ, புயல் இல்லாத நாளிலும் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் ‘குமிழிகள்’ கிளம்பி ஜிபிஎஸ்ஸைத் தடுமாற வைப்பது உண்டு. நிலம் அளப்பவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் இது தெரிந்த தொல்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காரில் கேட்கும் பண்பலை நேர்கோட்டில் வருவது. புயல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அம்மா சின்ன வயதில் தோட்டத்து வீட்டில் கேட்ட சிற்றலை, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. கடல் தாண்டிப் பறக்கும் விமானங்கள் இன்றும் அந்த வகை அலைகளைப் பயன்படுத்துகின்றன. புயலில் முதலில் கரகரப்பது அதுதான்.

இதையெல்லாம் அம்மாவுக்கு ஞாயிறு இரவே சொன்னேன். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப, அடி வாங்கின அந்தக் கூடு இப்ப சரியாயிடுச்சா?” என்றார்.

“புயல் ஓய்ஞ்சிடுச்சும்மா. எல்லாம் பழையபடி ஆயிருக்கும்” என்றேன். இரண்டே நாளில் இரண்டாவது முறையாகத் தெரியாமல் சொன்ன பதில் அது.

அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அடுத்த ஆண்டுதான் என் கண்ணில் பட்டது. வளைய மின்னோட்டத்துக்கும் உட்புறத்தில், பூமியை ஒட்டிக் குளிர்ந்த துகள்களாலான ஒரு பகுதி உண்டு. பிளாஸ்மா மண்டலம் என்று பெயர். ஜப்பானின் அரசே செயற்கைக்கோள் அந்தப் புயலின்போது அதை உள்ளேயிருந்தே அளந்துகொண்டிருந்தது. சாதாரணமாக சுமார் 44,000 கிலோமீட்டர் உயரம்வரை இருக்கும் அதன் விளிம்பு, ஒன்பதே மணி நேரத்தில் 9,600 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. திரும்ப நிரம்ப நான்கு நாளுக்கு மேல் ஆனது. அதை நிரப்ப வேண்டியது கீழே இருக்கும் அயனி மண்டலம். புயல் அதையும் வற்ற அடித்திருந்ததால், கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. வானத்தின் வண்ணங்கள் மறைந்து, நாமெல்லாம் படங்களைப் பகிர்ந்து முடித்த பிறகும், மேலே கூடு காலியாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பூமியைச் சுற்றி வான் ஆலன் பட்டைகள் என்று இரண்டு கதிர்வீச்சுப் பட்டைகள் எப்போதும் உண்டு. 1958-இல் கண்டுபிடிக்கப்பட்டவை. மே புயல் அவற்றுக்கு இடையில் புதிதாக இரண்டு பட்டைகளை உண்டாக்கிவிட்டுப் போயிருந்தது. கண்டுபிடித்தது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘சர்பி’ என்ற சின்னக் கோள். கோளாறினால் ஏப்ரலிலேயே பேச்சை நிறுத்திய அது, புயல் முடிந்து ஜூன் மாதம் தானாக எழுந்து, தான் பார்த்ததைச் சொன்னது. எலக்ட்ரான்கள் நிறைந்த பட்டை சுமார் மூன்று மாதம் நீடித்தது. இனி அந்த வழியாகப் போகும் கோள்களை எப்படிக் காப்பது என்று யோசிக்க இந்தத் தகவல் வேண்டும். அந்தச் சின்னக் கோளும், புயல்கள் உப்பவைத்த காற்றில் வேகம் குறைந்து, அதே ஆண்டு அக்டோபரில் எரிந்துபோனது.

அந்தப் புயலுக்கு விஞ்ஞானிகள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கேனன் புயல். ஜெனிஃபர் கேனன் என்ற அமெரிக்க விண்வெளி இயற்பியலாளர், இந்தப் புயல்கள் தரையில் என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தவர். புயலுக்கு எட்டு நாள் முன்பு, மே 2 அன்று, திடீரென இறந்துபோனார். வாழ்நாளெல்லாம் எதற்காக மற்றவர்களைத் தயார்ப்படுத்தினாரோ, அதைப் பார்க்க அவர் இல்லை. அன்று உலகத்தில் பெரிய மின்வெட்டு எதுவும் நேரவில்லை. கியூபெக்குக்குப் பிறகு மின்வாரியங்கள் கற்றுக்கொண்டதும், முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததும் அதற்குக் காரணங்கள். பெயர் தெரியாத பலருடைய உழைப்பு அது.

நான்கு நாள் கணக்கைப் படித்த அன்றே அம்மாவை அழைத்துச் சொன்னேன். “அப்பவே நினைச்சேன். அவ்ளோ அடி வாங்கிட்டு ஒரே நாள்ல எந்திரிக்க முடியுமா?” என்றார். அப்பா போனபிறகு அம்மா எத்தனை நாள் எழுந்திருக்காமல் கிடந்தார் என்பது என் நினைவுக்கு வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் வந்த செய்திக்கு வருவோம். இந்த முறை அம்மா கைப்பேசியை அணைக்கவில்லை. எனக்குத் தனியாக அனுப்பி, “இது நெஜமா பாப்பா?” என்று கேட்டிருந்தார். அவர் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். அன்று நான் கத்தியதற்குப் பிறகும் என்னைக் கேட்கிறாரே.

உடனே பதில் போடவில்லை. அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. புயல்களை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்துப் போடுவார்கள். கேனன் புயல் ஜி5. போன வாரம் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. பிறகு எழுதினேன்: “இந்தச் செய்தி பொய்ம்மா. ஆனா சூரியப் புயல்னு ஒண்ணு உண்டு. இன்னிக்கு இல்ல. இருந்தாலும் கைப்பேசி திறந்தே இருக்கட்டும். எனக்குக் காலை வணக்கம் வேணும்.”

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால், ஒரு சொல்லில் மூடிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பயந்தது தப்பான பொருளுக்கு இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி சரியாக இருக்கலாம்.

மறுநாள் காலை 7.40. அம்மாவிடமிருந்து தாமரைப் படம் வந்தது.

அடுத்த வாரம் சந்திப்போம்.